கை மறந்த தொழில்

தெமோதரைப் புகையிரத நிலையத்துக்கு ஒரு புதுமை உண்டு. எல்ல நகரிலிருந்து பதுளை நோக்கி வரும் இருப்புப்பாதை இந்நிலையத்தைத் தொட்டு, அப்பாற் சென்று, ஒரு குன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, சற்று முன் தான் கடந்து வந்த அதே நிலையத்தின் அடியிலே சுரங்கத்துள் நுழைந்து செல்கிறது. 1924ஆம் ஆண்டு பதுளை வரைக்கும் பாதை திறக்கப்பட்ட காலந்தொட்டு இவ்விந்தையைக் காணப் பலர் வந்தவண்ணம் இருக்கின்றனர். மலைச்சரிவு செங்குத்தானது, புகையிரதம் நேராக இறங்க இயலாது. என் செய்வதென்று பொறியியலாளர் திகைத்திருந்த வேளையில், ஒரு கங்காணி தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைக் கண்டு அவருக்கு இவ்வழி தோன்றிற்று என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ, கட்டியதோ, அதைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் முதியோர் முகத்திலே ஒரு பெருமிதம் தோன்றும். பெரிய படிப்புப் படித்தவருக்கு வழிகாட்டியது எங்கள் தலைத்துணி அன்றோ!

சரிவு கடினமானால் நேராகப் போகாதே, சுற்றிப் போ என்பது அக்கதையின் பொருள். அதன் முழு உண்மையையும் நான் உணர்ந்தது என் அறுபதாவது வயதுக்குப் பின்னர்தான். உணர்த்தியவை என் தாயாரின் வலது கையும், கனடாவிலே சமுதாயக் கல்லூரி ஒன்றிற் படித்துக்கொண்டிருந்த என் மருமகளும்.

என் தாயார் தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே கொழுந்து பறித்தவர். பதினான்கு வயதிற் பெயர் பதிந்து, நாற்பது ஆண்டுக்கு மேல் பெரட்டுக்குச் சென்றவர். அவர் கையை நான் பலமுறை வியந்து பார்த்ததுண்டு. இடுப்பிலே படங்கு, தலையிலிருந்து முதுகில் தொங்கும் கூடை, மழையிலே வழுக்கும் மலை. இவ்வளவுக்கும் நடுவே கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூடி, இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று கண்ட மாத்திரத்திலே கிள்ளிக் கைநிறையச் சேர்த்துத் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறியும். கண் அப்போது அடுத்த தூருக்குப் போயிருக்கும். அந்தக் கை சம்பாதித்த காசிலேதான் நான் ஆசிரிய கலாசாலைக்குச் சென்றேன்.

2017ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒருநாள் விடியற்காலை, அடுப்பு மூட்ட எழுந்தவர் இஸ்தோப்பிலே விழுந்தார். பாரிசவாதம். மூளையின் இடப்பக்கத்து இரத்தக்குழாய் அடைபட்டு உடலின் வலப்பக்கம் சோர்ந்துவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றிலே உயிரைக் காத்தார்கள். அதற்கு நாங்கள் என்றும் நன்றியுடையோம். பதினொரு நாளிற் பேச்சுத் தெளிந்தது, கால் ஒருவாறு நிலத்தில் ஊன்றியது. மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கையைப் பற்றி எவரும் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. உயிர் பிழைத்ததே பெரிது என்றிருந்தோம்.

வயது சென்றவர், இனி எதற்குக் கை என்ற எண்ணம் வீட்டில் எல்லோர்க்கும் உள்ளூர இருந்திருக்க வேண்டும். தம்பியின் மனைவி ஊட்டினாள், பேத்தி தலைவாரினாள், தம்பி நோயுற்ற கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தான். எல்லாம் அன்பினாலே செய்தோம். அந்த அன்புதான் மெல்ல மெல்ல அவரைப் பாயோடு கட்டிப்போடுகின்றது என்பது எங்களுக்குத் தெரியாது.

* * *

வைகாசி மாதத்தில் என் தமக்கையின் மகள் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில் எங்கள் தமிழ் மக்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர் என்பது வாசகர் அறிந்ததே. அங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் அவள் முதலாண்டு முடித்திருந்தாள். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். "தொழில்வழிச் சிகிச்சை உதவியாளர் படிப்பு, மாமா. இரண்டு வருஷம்" என்றாள்.

என் முகம் சுருங்கியதை அவள் கண்டிருப்பாள். முப்பத்தைந்து ஆண்டு பாடசாலையிற் கழித்தவனுக்கு "உதவியாளர்" என்ற சொல் இனிக்கவில்லை. மருத்துவர் ஆகலாம், பொறியியலாளர் ஆகலாம், குறைந்தபட்சம் பட்டதாரி ஆகலாம். கடல் கடந்து போய் இரண்டாண்டுப் படிப்பு, அதுவும் ஒருவர்க்கு உதவியாக நிற்கும் படிப்பு! நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் ஆசிரியரின் மௌனம் மாணவர்க்குப் புரியாத மௌனம் அன்று.

சமுதாயக் கல்லூரி என்பது இன்னதென்று எனக்கு அக்காலத்திற் சரிவரத் தெரியாது. பின்னர்தான் படித்து அறிந்தேன். அமெரிக்காவில் இல்லினோய் மாநிலத்து ஜோலியற் நகரில் 1901இல் தொடங்கிய இளநிலைக் கல்லூரியை இதன் தொடக்கமாகக் கொள்வர். பல்கலைக்கழகத்தின் உயர்ந்த வாயிலில் நுழைய முடியாதவர்க்கும், பிழைப்பை விட்டு நெடுங்காலம் படிக்க வசதியற்றவர்க்கும், அவரவர் ஊரிலேயே குறைந்த செலவில் ஒரு கைத்திறனும் அதற்குரிய அறிவும் கற்பிப்பது அதன் நோக்கம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இத்தகைய கல்லூரிகளுக்கு 1965இல் சட்டம் செய்தது. முதலாவது கல்லூரி 1966இல் ஸ்காபரோவிலே திறக்கப்பட்டது. இந்தியாவிலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அவ்வெண்ணம் தமிழ்நாட்டிலும் பரவியது. பெரிய கட்டடத்துக்குப் பக்கவாயில் என்று இதனை இகழ்வோர் உளர். முன்வாயிலிற் பூட்டுத் தொங்கும்போது பக்கவாயிலின் அருமை வெளியில் நிற்பவனுக்கே தெரியும்.

* * *

"தொழில்வழிச் சிகிச்சை என்றால் நோயாளிக்கு வேலை தேடிக் கொடுப்பதா?" என்று அவளைக் கேட்டேன். அவள் சிரித்தாள். "நீங்கள் தமிழ் வாத்தியார்தானே, மாமா. தொழில் என்றால் என்ன என்று நீங்களே சொல்லுங்களேன்" என்றாள்.

அன்றிரவு அதைப் பற்றிச் சிந்தித்தேன். தொழில் என்பதைச் சம்பளம் தரும் வேலை என்று சுருக்கிக்கொண்டது நம் காலத்துப் பிழை. சைவர் இறைவனுக்கு ஐந்தொழில் கூறுவர். அங்கே தொழில் என்பது செயல். இலக்கணத்திலே உண்ணல், உடுத்தல், நடத்தல், குளித்தல் முதலியவற்றைத் தொழிற்பெயர் என்று மாணவர்க்கு எத்தனை ஆண்டு கற்பித்திருக்கிறேன்! மறுநாட் காலை அவள் தன் குறிப்பேட்டை விரித்துக் காட்டினாள். உணவு உண்ணுதல், ஆடை அணிதல், நீராடுதல், தலைவாருதல், படுக்கையிலிருந்து எழுதல், சமைத்தல், பிள்ளையைத் தூக்குதல், விளையாடுதல், வழிபடுதல் என நோயாளி மீளக் கற்க வேண்டியவை அதிலே ஆங்கிலத்தில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அத்தனையும் தொழிற்பெயர்கள்! நான் கரும்பலகையில் எழுதி மாணவரைப் பாடஞ் செய்யவைத்த பட்டியல், ஒரு மனிதன் மனிதனாக வாழ்வதற்கு வேண்டியவற்றின் பட்டியல் என்று அன்றுதான் கண்டேன். என் தாயார் இழந்தது கையை அன்று, இந்தத் தொழிற்பெயர்களை.

இக்கலையின் வரலாறும் சுவையுடையது. 1917ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்துக் கிளிப்ரன் ஸ்பிறிங்ஸ் என்னும் சிற்றூரிலே ஒரு சிறு கூட்டம் கூடி, தொழில்வழிச் சிகிச்சைக்கென ஒரு சங்கத்தை நிறுவிற்று. கூட்டத்தை அழைத்த ஜோர்ஜ் பார்ட்டன் மருத்துவர் அல்லர், கட்டடக் கலைஞர். காசநோயும் இடப்பக்க வாதமும் அவரை வருத்தின. தோட்டவேலையும் தச்சுவேலையும் செய்து தம்மைத் தாமே தேற்றிக்கொண்டவர் அவர். நோயாளி ஒருவரின் அனுபவத்திலிருந்து ஒரு மருத்துவத்துறை பிறந்தது என்பது நினைக்கத்தக்கது. அதே ஆண்டில் அமெரிக்கா முதலாம் உலகப்போரிற் குதித்தது. கையும் காலும் மனமும் சிதைந்த போர்வீரரைத் தேற்றுவதற்கெனப் பெண்கள் பலர் குறுகிய காலப் பயிற்சி பெற்று, புனரமைப்பு உதவியாளர் என்ற பெயரிற் படை ஆஸ்பத்திரிகளுக்குச் சென்றனர். அவர்களுக்கு இராணுவப் பதவி வழங்கப்படவில்லை. ஆனால் அவர்கள் காட்டிய வழியிலேதான் இத்துறை வேரூன்றிற்று. நான் முகஞ்சுளித்த "உதவியாளர்" என்ற சொல்லே இக்கலையின் தொட்டிற் பெயர்களுள் ஒன்று! பிற்காலத்தில், 1950களின் இறுதியில், அமெரிக்காவிலே தொழில்வழிச் சிகிச்சை உதவியாளர் என்று தனியே ஒரு தரம் வகுக்கப்பட்டு அதற்குரிய படிப்பும் தொடங்கிற்று.

நம் பக்கத்துக்கு இக்கலையைக் கொணர்ந்தவர் கமலா நிம்ப்கர் அம்மையார். எலிசபெத் லண்டி என்ற பெயருடன் அமெரிக்காவிற் பிறந்து, இந்தியர் ஒருவரை மணந்து, இந்தியாவையே தாயகமாக ஏற்றவர். பம்பாயின் கே. ஈ. எம். ஆஸ்பத்திரியிலே 1950இல் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளியே இந்தியாவில் முதலாவது. 1952இல் உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கூட்டமைப்புத் தோன்றியபோது அதன் தொடக்க நாடுகள் பத்தினுள் இந்தியாவும் ஒன்றாயிற்று.

தமிழகத்துக்கு இதிலே தனிச்சிறப்பு உண்டு. கொல்லிமலையில் 1914இற் பிறந்த போல் பிராண்ட் என்னும் ஆங்கில மருத்துவர், மருத்துவம் கற்கும் முன் கட்டடத் தொழில் பயின்றவர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலே தொழுநோயால் மடங்கிய விரல்களை 1940களின் இறுதியில் அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். விரல் நிமிர்ந்தது, ஆனால் வாழ்வு நிமிரவில்லை. குணமடைந்து சென்ற ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கை பிச்சையெடுக்க உதவவில்லையே என்று குறைபட்டதாகப் பிராண்டே கூறியிருக்கிறார். மடங்கிய கைக்கு இரங்கிக் காசு போட்டவர்கள் நிமிர்ந்த கைக்குப் போடவில்லை. நோயின் பெயரைக் கேட்டவர்கள் வேலையும் கொடுக்கவில்லை. ஆதலின் நவஜீவ நிலையம் அமைத்து, அவர்களுக்குத் தச்சும் பொம்மை செய்தலும் கற்பித்தார். கையைச் சீராக்குவது பாதி வேலை. கைக்குத் தொழிலைத் திருப்பிக் கொடுப்பது மறுபாதி. அதே வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் வாகன விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் புனர்வாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி அத்துறைக்கே தலைமை ஏற்றார். 1966இல் அங்கே புனர்வாழ்வு நிலையம் எழுந்தது.

* * *

வரலாறு இருக்கட்டும். என் மருமகள் வந்த இரண்டாம் நாளே அம்மாவின் கைக்கு ஏதேனும் செய் என்றேன். அவள் மறுத்துவிட்டாள்.

"நான் மாணவி, மாமா. படித்து முடித்தாலும் உதவியாளர்தான். நோயாளியைப் பரிசோதித்துத் திட்டம் வகுக்கிறது சிகிச்சையாளருடைய பொறுப்பு. அந்தத் திட்டத்தை நோயாளியோடு கூட இருந்து செய்து முடிக்கிறதுதான் எங்கள் வேலை. முதலில் அம்மாயியை ஒரு சிகிச்சையாளரிடம் காட்டுவோம்."

எனக்குக் கோபம் வந்தது. சொந்தப் பாட்டிக்குச் செய்ய இவ்வளவு சட்டமா என்று கடிந்தேன். அவள் அசையவில்லை. தம்பி கையைப் பிடித்துத் தூக்குவதை மட்டும் உடனே நிறுத்தினாள். வாதத்தாற் சோர்ந்த தோளைச் சுற்றியுள்ள தசைகள் எலும்பை இறுகப் பிடிக்கமாட்டா. கையைப் பற்றி இழுத்தால் தோள்மூட்டு நழுவும், வலி நிலைத்துவிடும் என்றாள். இரண்டு மாதமாக அம்மா தோள் வலிக்கிறது என்று முனகியதும், வயதின் வலி என்று நாங்கள் தைலம் பூசியதும் நினைவுக்கு வந்தன. தம்பி எழுந்து வெளியே போய்விட்டான்.

ஒரு மாதத்துக்குள் தவணை கிடைத்தது. முச்சக்கர வண்டியில் அம்மாவை ஏற்றிச் சென்றோம். காத்திருந்தோர் பலர். சிகிச்சையாளர் ஒரு சிங்களப் பெண்மணி. ஓரளவு தமிழ் அறிந்தவர். கையைத் தொடுமுன் அவர் கேட்ட கேள்வி என்னை வியப்பில் ஆழ்த்தியது. எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. "அம்மாவுக்கு என்ன செய்ய ஆசை?" என்று கேட்டார்.

அம்மா நெடுநேரம் பேசாமலிருந்தார். அவரை வாழ்நாளில் எவரும் அப்படிக் கேட்டதில்லை போலும். பின்னர், "என் கையால நானே துன்னூறு பூசணும். என் கையால ஒரு வாய் சோறு திங்கணும்" என்றார்.

பெண்மணி கையை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தார். விரல்களில் சிறிது அசைவு எஞ்சியிருந்தது. அதற்கேற்பப் படிப்படியான ஒரு திட்டத்தை எழுதி, மருமகளுக்கு விளக்கி, இரு வாரத்துக்கு ஒருமுறை வந்து காட்டும்படி சொன்னார். அதன்பின்னரே அவள் வேலையைத் தொடங்கினாள். மறுத்தது அன்பின்மையால் அன்று, அறிந்த எல்லையை மதித்ததால் என்பது அப்போது எனக்கு விளங்கிற்று. தன் எல்லை எதுவென்று கற்பிப்பதும் கல்விதான். என் வகுப்பிலே நான் அதை எத்தனை பேருக்குக் கற்பித்தேன் என்று தெரியவில்லை.

* * *

எட்டு வாரம் அவள் லயத்துக் காம்பராவிலே செய்தவற்றைப் பார்த்தவர்கள், இதற்கா படிப்பு என்று கேட்டிருப்பர். அவ்வளவு எளிய காரியங்கள். உடுத்தும்போது நோயுற்ற கைக்கு முதலிற் சட்டையை மாட்ட வேண்டும். களையும்போது அதனைக் கடைசியிற் கழற்ற வேண்டும். இந்த ஒரு விதியாலே அம்மா பத்து நாளில் தம் சட்டையைத் தாமே அணிந்தார். பலகையிலே இரண்டு ஆணி அறைந்து அதிலே கிழங்கைக் குத்தி நிறுத்தினால் ஒற்றைக் கையாலே தோல் சீவலாம். கரண்டிக் காம்பிலே துணி சுற்றித் தடிப்பாக்கினால் இறுகப் பிடிக்கமாட்டாத விரலும் பிடிக்கும்.

ஆயினும் எளிமைக்குப் பின்னால் இருந்த கல்வியை நான் கண்டேன். எலும்பும் தசையும் நரம்பும், மனிதன் பிறந்தது முதல் மூப்பு வரை வளரும் முறை, மனநோய்கள், அசைவின் இயல்பு, அன்றாடம் கண்டதைப் பிழையின்றிப் பதிந்து வைத்தல், நோயாளியின் இரகசியம் காத்தல் ஆகிய எல்லாம் அவள் பாடங்கள். அமெரிக்காவிலே இவ்வுதவியாளர் படிப்புக்குக் குறைந்தது பதினாறு வாரம் முழுநேரக் களப்பயிற்சி வேண்டுமென விதியுண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒரு செயலைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி. தேநீர் குடித்தல் என்று நாம் ஒரே சொல்லிற் சொல்வதைக் கோப்பையை நோக்கல், தோளை நீட்டல், விரலை விரித்தல், பிடித்தல், தூக்கல், வாய்க்குக் கொணர்தல், சரித்தல், விழுங்கல், மீள வைத்தல் என அவள் பிரித்தாள். எந்தக் கூறில் கை தவறுகிறதோ அதனை மட்டும் எடுத்துப் பயிற்றினாள். சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை என்று பிரித்துக் காட்டும் நானே வெட்கப்படும்படி அவள் செயலைப் பகுபத உறுப்பிலக்கணம் செய்தாள்!

"ஏன் இவ்வளவு சுற்றுவழி? விரலைப் பிடித்து நூறுமுறை மடக்கி நீட்டினால் ஆகாதா?" என்று ஒருநாட் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே அவள் கைகாட்டினாள். அப்பால் இருப்புப்பாதை குன்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. "சரிவு அதிகம், மாமா. சுற்றித்தான் இறங்கவேண்டும்" என்றாள். நோயுற்ற கையைப் பயன்படுத்தி ஒருமுறை தோற்றவர், பின் அதனைப் பயன்படுத்துவதையே விட்டுவிடுவர். கை தேறும் நிலை வந்த பிறகும் மூளை அதனை மறந்தேயிருக்கும். அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்ட் டௌப் இதனைக் கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை என்றார். மறக்கவும் கற்கிறோம் என்றால், அந்தக் கல்வியை மாற்றப் பொருளுள்ள வேலை வேண்டும். பொருளற்ற பயிற்சியைக் கையும் மனமும் விரைவிற் கைவிடும்.

இங்கேதான் புத்தகம் காட்டாத ஓர் இடர் வந்தது. வலக்கை தேறும் வரை இடக்கையால் உண்ணப் பழக்குக என்பது அவள் பாடநூலின் வழி. மேனாட்டில் அதனால் குறையொன்றுமில்லை. அம்மாவோ வாயை இறுக மூடிக்கொண்டார். "நொட்டாங்கையால சோறு திங்கிறதவிடப் பட்டினியாக் கெடக்கலாம், கண்ணு" என்றார். இரண்டு வேளை உண்ணவுமில்லை. மருமகள் அன்று அழுதாள். ஆனால் வற்புறுத்தவில்லை. பழைய படங்குத் துணியிலே ஒரு பட்டி வெட்டித் தைத்து, அதை அம்மாவின் வலது உள்ளங்கையைச் சுற்றிப் பூட்டி, அதிலே கரண்டியைச் செருகினாள். இடக்கை வலது மணிக்கட்டைத் தாங்கட்டும். ஆனால் சோறு வலக்கையால்தான் வாய்க்குப் போகட்டும் என்றாள். அடுத்த முறை சிகிச்சையாளரிடம் சென்றபோது இதனைச் சொன்னாள். அவரும் தலையசைத்து, "எங்கள் அம்மாவும் இப்படித்தான் சொல்லுவார்" என்று சிரித்தார்.

பின்னர் ரொட்டி. கோதுமை மாவைப் பிசைய வலக்கையின்மேல் இடக்கையை வைத்து அழுத்தச் செய்தாள். பெரிய பொருளிலிருந்து சிறிய பொருளுக்கு விரல்களைக் கொண்டு சென்றாள். முதலில் வெங்காயம், அதன்பின் கொண்டைக்கடலை, அதன்பின் பயறு. ஆறாம் வாரத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து வந்த தம்பியின் மனைவி கொழுந்து சில கொண்டுவந்து சுளகிலே போட்டாள். எவரும் எதுவும் சொல்லவில்லை. அம்மாவின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தாமாக நெருங்கின. ஒரு கொழுந்தை எடுத்தன, நழுவிற்று, மீண்டும் எடுத்தன. பயற்றுக்கு இணங்காத விரல் கொழுந்துக்கு இணங்கியது. அந்தக் கையின் நாற்பதாண்டுத் தொழில் அது.

இதனை அதிசயம் என்று சொல்லமாட்டேன். அம்மா மீண்டும் மலைக்குப் போகவில்லை. கைப்பலம் முழுதும் திரும்பவுமில்லை. தீபாவளிக்குள் பட்டியில்லாமற் சோறு உண்டார். தேநீர்க் கோப்பையை இரு கையாலும் ஏந்தினார். நெற்றியிலே திருநீறு கோணலாக, ஆயினும் தம் கையாலேயே பூசினார். அதன்பின் நான்கு ஆண்டு வாழ்ந்து 2021இல் மறைந்தார். அந்த நான்கு ஆண்டும் பிறர் ஊட்ட உண்ணாத ஆண்டுகள்.

* * *

மருமகள் ஆவணி மாதத்தில் கனடா திரும்பினாள். பயிற்சியைத் தொடர்ந்து நடத்தியவள் அடுத்த காம்பராவில் இருந்த ஒரு பெண். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. எட்டு வாரமும் வாயிற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அம்மாவின் சோர்வு எப்போது களைப்பு, எப்போது பிடிவாதம் என்று எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "சேர், இத இங்க எங்க படிக்கலாம்?"

ஆசிரியனாக நான் விடை சொல்ல முடியாமல் நின்ற கேள்விகளுள் இது ஒன்று. தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆவதற்கு இந்நாட்டிலே வழியுண்டு. கொழும்புத் தேசிய வைத்தியசாலையோடு இணைந்த பயிற்சிப் பள்ளியும், றாகமையில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் அவ்வழியில் அமைந்தவை. ஆனால் அதற்கு உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்றுத் தேற வேண்டும். அவள் படித்த பாடசாலையில் உயர்தர விஞ்ஞான வகுப்பு இல்லை. கலைப்பிரிவு மட்டுமே இருந்தது. விஞ்ஞானம் கற்கத் தினமும் நகருக்குப் போய்வர அவள் வீட்டிற் பணமும் இல்லை. ஸ்காபரோவிற் பிறந்திருந்தால் அவளுக்காகத் திறந்திருந்திருக்கக் கூடிய கதவு, லயத்திற் பிறந்ததனால் சுவராயிற்று.

மலையகத் தமிழரின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். அந்த இருநூறாண்டும் இந்நாட்டின் செல்வம் எங்கள் மக்களின் கைகளால் வளர்ந்தது. கொழுந்து கிள்ளும் விரல், கவ்வாத்து வெட்டும் மணிக்கட்டு, முள்ளுக் குத்தும் தோள் எனக் கையே முதலான மக்கள் நாங்கள். அந்தக் கை சோர்ந்தால் அதனைத் தேற்ற எங்கள் மொழி அறிந்து, நொட்டாங்கைச் சோறு ஏன் இறங்காது என்று அறிந்து, படங்கு இன்னதென்று அறிந்து, லயத்துப் படியேறி வரும் ஒருவர் வேண்டும். பெரிய சிகிச்சையாளர் ஒருவர் திட்டம் வகுக்கட்டும். ஆனால் அவர் ஒருவரே மலைமலையாக ஏறி இறங்க இயலாது. அவருக்கும் நோயாளிக்கும் நடுவே நிற்கும் உதவியாளரைப் பதுளையிலேயே, இரண்டாண்டிலே, தமிழிலும் சிங்களத்திலும் பயிற்ற ஒரு சமுதாயக் கல்லூரி அமைந்தால், கலைப்பிரிவு படித்த எத்தனை தோட்டத்துப் பிள்ளைகள் அவ்வாயிலில் நுழைவர்! கல்வி அதிகாரிகளும், மலையகத் தலைவர்களும், ஆசிரிய நண்பர்களும் இதனைச் சிந்திக்க வேண்டுமென்பதே என் விண்ணப்பம். "உதவியாளர்" என்ற சொல்லுக்கு நானும் ஒருநாள் முகஞ்சுளித்தவன். ஆதலின் அச்சுளிப்பு எவ்வளவு அறியாமை என்று சொல்ல எனக்கு உரிமையுண்டு.

அந்தப் பெண் பின்னர் கொழும்புப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஒரு தைப்பொங்கலுக்கு ஊர் வந்தவளை லயத்து வாயிலிற் கண்டேன். மேல் லயத்துப் பெரியவர் ஒருவருக்கு அந்த மாதந்தான் பாரிசவாதம் வந்திருந்தது. மகன் அவரைக் கையைப் பிடித்து எழுப்ப முயன்றுகொண்டிருந்தான். கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அவள் ஓடினாள்.

"அண்ணே, கையப் பிடிச்சு இழுக்காதீங்க. தோளுக்கு ஆகாது. நான் காட்டுறேன், பாருங்க" என்றாள்.